கல் வீட்டுக் கலெக்டர்: ஜான் சல்லிவன் வாழ்க்கை

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இலக்கிய ஆசிரியர் ஒருவரின் வரலாற்றை எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினேன். ஆயின், கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் நாம் அடிக்கடி பேசுவது நிலத்தைப் பற்றியே. திணை என்னும் சொல் இடம்பெறாத கூட்டம் நம்மிடையே ஒன்றுகூட நடந்ததில்லை. எனவே, நமது நிலத்தின் வடமேற்கு எல்லையாய் நிற்கும் ஒரு குறிஞ்சி நிலத்தின் முகத்தையே மாற்றிய ஒருவரின் வாழ்வை எழுதத் துணிந்தேன். அவர் தமிழர் அல்லர், கவிஞரும் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராய் வந்து, நம் கோவை மாவட்டத்தின் கலெக்டராய் இருந்து, நீலமலையில் ஒரு கல் வீடு கட்டி வாழ்ந்தவர். பெயர் ஜான் சல்லிவன்.

கிணத்துக்கடவில் பொன்மலை வேலாயுதசாமி கோயில் படிகளில் நின்றால் தெற்கே ஆனைமலைத் தொடர் கண்ணில் படும். வடக்கே கோவையைக் கடந்து மேட்டுப்பாளையத்தை அடைந்தால் நீலமலை எதிர்நிற்கும். நம் ஊர்ச் சந்தையில் தக்காளியும் கத்தரியும் நாட்டுக்காய் எனப்படும். மலையிலிருந்து மூட்டை மூட்டையாய் இறங்கும் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் இங்கிலீஷ் காய் எனப்படும். இந்த ஒரு சொல் வழக்கிலேயே சல்லிவனின் வாழ்வு அடங்கியிருக்கிறது எனலாம்.

பிறப்பும் வருகையும்

சல்லிவன் 1788-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். 1804-இல், இன்றைய நம் மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயதில், கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்து சேர்ந்தார். அக்காலத்தில் எழுத்தர் என்பது பதவியின் முதற்படி. அப்படியில் தொடங்கிய இளைஞர் 1815-இல் கோவை மாவட்டக் கலெக்டர் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது இருபத்தேழு.

அன்றைய கோவை மாவட்டம் இன்றைய கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பகுதிகளையெல்லாம் தழுவியிருந்த பெருநிலம். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் 1799-இல் கம்பெனியின் கைக்கு வந்தது. சல்லிவனுக்கு முன்பிருந்த ஆட்சியில் கருவூலக் கணக்குகளில் பெருமுறைகேடு நடந்ததென்ற புகார் எழுந்தது. அதனை விசாரிக்க 1816-இல் தாமஸ் மன்றோவுடன் சல்லிவனும் பணிக்கப்பட்டார். குடியானவனிடம் வாங்கிய வரி எங்கே சென்றது, எவர் கையில் தங்கியது என்று ஊர் ஊராய்க் கேட்டறிய வேண்டிய பணி அது. கம்பெனி ஆட்சி எவ்வாறு இயங்குகிறது என்பதை அதன் உட்புறத்திலிருந்தே பார்க்கும் வாய்ப்பு இளம் வயதிலேயே அவருக்குக் கிட்டியது. பின்னாளில் அவர் எழுப்பிய கேள்விகளுக்கு இதுவே விதையாய் இருந்திருக்கக் கூடும்.

மலையேற்றம்

நீலமலை அதற்கு முன்னும் அறியப்படாத மலை அன்று. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எனப் பல மக்கள் அங்கே தத்தமக்குரிய வாழ்முறையோடு வாழ்ந்து வந்தனர். போசளர் காலத்துக் கல்வெட்டொன்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே தோடரைக் குறிப்பிடுகின்றது. 1603-இல் பெனிசியோ என்னும் இயேசு சபைத் துறவி மலையேறி வந்து சென்றார். ஆகவே சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார் என்று பாடநூல்கள் கூறுவது திருத்தத்திற்குரியது. கண்டவர் பலர். அங்கேயே தங்கி வீடு கட்டிய முதல் ஐரோப்பியர் அவர் என்பதே சரியான கூற்று.

1818-இல் கோவைக் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் மலைமேல் சென்று திரும்பினர். வேட்டைக்குச் சென்றனர் என்பாரும் உளர். புகையிலைக் கடத்துவோரைத் துரத்திச் சென்றனர் என்பாரும் உளர். கோவைப் புகையிலைக்குக் கம்பெனியின் கட்டுப்பாடு இருந்த காலம் ஆதலால் பின்னதும் பொருந்தாத கதை அன்று. அவர்கள் கொண்டுவந்த செய்தியால் தூண்டப்பெற்ற சல்லிவன், 1819 ஜனவரியில் சிறுமுகைப் பக்கமிருந்து தாமே மலையேறினார். கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டிப் பள்ளத்தாக்கை அடைந்தார். கீழே கோவையில் வெயிலும் காய்ச்சலும். மேலே ஜனவரிப் பனியும் புல்வெளியும். தாம் பிறந்த நாட்டின் தட்பவெப்பம் சில நாள் பயணத் தொலைவில் இருப்பதை அவர் உணர்ந்தார்.

அதே ஆண்டில் லெஷெனோ தெ லா தூர் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளரையும் அழைத்துச் சென்றார். நோயுற்று மெலிந்திருந்த அவர் மலைக்காற்றில் உடல் தேறினார். அச்செய்தி, இம்மலை உடல்நலம் பேணும் இடம் என்ற புகழுக்கு அடிகோலியது. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் சல்லிவன் ஒரு வீடு கட்டினார். நெடுங்காலம் சிதைந்து கிடந்த அவ்வீடு பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்று, இன்று அவர் நினைவகமாய் விளங்குகிறது. சிறுமுகையிலிருந்து மலைமேல் செல்லும் பாதையை லெப்டினன்ட் மேக்பெர்சன் 1821-இல் தொடங்கி 1823-இல் முடித்தார். ஒற்றையடித் தடமாய் இருந்தது குதிரை செல்லும் பாதையாயிற்று. மலைக்கும் சமவெளிக்கும் இடையிலிருந்த தொலைவு, அன்றே வேறு பொருள் கொண்டது.

கல் வீடு

கோத்தகிரிப் பக்கத்தை விட்டு, மலையின் நடுவிலுள்ள உயர்நிலத்திற்குச் சல்லிவன் நகர்ந்தார். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலுள்ள அவ்விடம் தோடரின் மந்து. இன்று உதகமண்டலம் என்று வழங்கும் பெயரும் மந்து என்னும் அச்சொல்லைத் தன்னுள் கொண்டதே. தோடரிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் விலை கொடுத்து நிலம் வாங்கி, 1822-இல் வீடு கட்டத் தொடங்கி, மறு ஆண்டில் முடித்தார். கல்லால் கட்டிய வீட்டை அதுவரை அம்மலையில் எவரும் கண்டதில்லை. தோடர் அதனைக் கல் பங்களா என்று அழைத்தனர். ஆங்கிலேயர் அதனையே மொழிபெயர்த்து ஸ்டோன் ஹவுஸ் என்றனர்.

தோடரின் வீடு வேறு வகையானது. மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு, பாதி உருளை போல் வளைந்த கூரையோடு, குனிந்து தவழ்ந்து நுழையும் சிறு வாயிலோடு அமைந்தது. குளிரை வெளியே நிறுத்தி, அடுப்பின் சூட்டை உள்ளே காக்கும் அறிவு அதில் உண்டு. எருமைக் கூட்டம் புதிய மேய்ச்சல் நிலம் தேடிச் செல்லும்போது மக்களும் மற்றொரு மந்துக்குச் செல்வர். மேய்ச்சலோடு பருவந்தோறும் இடம்மாறும் வாழ்க்கைக்கு எதிரே, பெயராது நிற்கும் கல்லின் வாழ்க்கை வந்து அமர்ந்தது. அவர்கள் இட்ட கல் பங்களா என்ற பெயரில் வியப்பு மட்டுந்தான் இருந்ததா, அச்சமும் கலந்திருந்ததா என்பது சிந்தனைக்குரியது.

இங்கே இங்கிலாந்தைச் சற்று நோக்குதல் வேண்டும். அந்நாட்டில் செல்வர்க்கு நாட்டுப்புற மாளிகை என்பது வெறும் குடியிருப்பு அன்று. அது குடிப்பெருமையின் உருவம். மாளிகைக்கு முன் பரந்த புல்வெளி, ஆங்காங்கே ஓக் மரங்கள், ஓடையை அணையிட்டு மறித்து உண்டாக்கிய ஏரி, மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம் ஆகியவை அதன் உறுப்புகள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டவர்ஹெட், பிளென்ஹைம் போன்ற இடங்களில் இத்தகைய ஏரிகள் செயற்கையாகவே தோற்றுவிக்கப்பட்டன. பார்ப்பவர்க்கு இயற்கையின் படைப்பு எனத் தோன்றுமாறு அமைப்பதே அக்கலையின் நுட்பம்.

இந்தியாவில் பொருளீட்டித் திரும்பியோர் பலர் இத்தகைய மாளிகைகளை எழுப்பினர். இராபர்ட் கிளைவ் சர்ரே மாநிலத்தில் கிளேர்மாண்ட் மாளிகையைக் கட்டினார். கம்பெனிப் பணியிலிருந்து திரும்பிய சார்லஸ் காக்கரெல் க்ளஸ்டர்ஷயரில் செசின்கோட் என்னும் மாளிகையை முகலாயக் கவிகைமாடத்தோடு 1805-ஐ ஒட்டிக் கட்டுவித்தார். அங்கே ஆங்கில வயல்களுக்கு நடுவே ஓர் இந்திய மாடம். இங்கே தோடர் புல்வெளிக்கு நடுவே ஓர் ஆங்கில வீடு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் ஒரு காலத்தின் ஆசையும் வரலாறும் விளங்கும். இரண்டிற்கும் அடித்தளமாய் இருந்தது இந்நாட்டு உழவனின் வரிப்பணமே என்பதையும் மறத்தல் ஆகாது.

ஏரியும் தோட்டமும்

வீட்டை அடுத்து ஏரி வந்தது. பள்ளத்தாக்கின் ஓடைகளை மறித்து 1823-இல் தொடங்கிய பணி 1825-இல் முடிந்தது. இன்று படகுச் சவாரிக்குப் பெயர்பெற்ற உதகை ஏரி இதுவே. அன்று அது இன்னும் பெரிது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் உள்ள இடங்கள் ஒரு காலத்தில் ஏரியின் பகுதிகளாய் இருந்தவை.

தோட்டக்கலை அறிந்த ஒருவரைத் தம் நாட்டிலிருந்து வரவழைத்துச் சல்லிவன் பயிர்களைப் பயிரிட்டுப் பார்த்தார். உருளைக்கிழங்கு, ஐரோப்பியக் காய்கறிகள், ஆப்பிள், பீச் முதலிய பழமரங்கள், பூச்செடிகள், பார்லி, கோதுமை எனப் பல அவர் தோட்டத்தில் வேரூன்றின. தேயிலையும் அவர் காலத்தில் முயன்று பார்க்கப்பட்டது. அது தொழிலாய் வளர்ந்தது பின்னர்தான். கல் வீட்டின் முன் நிற்கும் ஓக் மரம் அவர் நட்டது என்று இன்றும் கூறுவர். வீடு, ஓக் மரம், ஏரி, தோட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தபோது ஓர் ஆங்கில மாளிகையின் இலக்கணம் நிறைவெய்தியது. 1826-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ உதகைக்கு வந்து பார்த்தார். பத்தாண்டுகளுக்கு முன் கோவையில் உடனிருந்து கணக்கு விசாரித்த இருவரும் மலையுச்சியில் மீண்டும் சந்தித்தனர்.

அவருக்குப் பின் வந்தோர் இவ்வழியில் இன்னும் விரைந்து நடந்தனர். 1843-இல் கற்பூரத் தைலமரம் வந்தது. 1848-இல் மெக்கைவரின் பொறுப்பில் தாவரவியல் பூங்கா உருப்பெற்றது. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி அமைந்த மலையின் மேனியில் தைலமரமும் சீகை மரமும் தேயிலையும் படர்ந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலர்ந்து மலையையே நிறமாற்றிய சரிவுகள் பல சுருங்கின. தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் மூன்றில் கருப்பொருள் மாறிவிட்டால் திணை என்னாகும் என்ற வினா, கவிஞர்களாகிய உங்கள் முன் வைக்கத்தக்கது. மரமும் பூவும் பறவையும் வேறாய்விட்ட நிலத்தைப் பழைய பெயரால் அழைப்பதா, புதுப்பெயர் காண்பதா?

உரிமைக் குரல்

இவ்வளவோடு நின்றிருந்தால் சல்லிவன் மலையைத் தமதாக்கிக்கொண்ட அதிகாரிகளுள் ஒருவராகவே எஞ்சியிருப்பார். அவர் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. மலைநிலம் தோடருக்கு உரியது. அதனை எடுப்போர் அவர்களுக்கு ஈடு தருதல் வேண்டும் என்பது அவர் கொண்ட நிலைப்பாடு. வேலியும் பத்திரமும் இல்லாத நிலம் அரசுக்கே உரியது என்று கருதிய கம்பெனி அதிகாரிகளுக்கு இது உவப்பாக இல்லை. எழுதப்படாத உரிமையும் உரிமையே என்று அவர் வாதிட்டார்.

ஆயினும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். தோடரின் உரிமையைப் பேசியவரே மலையில் பிற ஐரோப்பியர் எல்லாரையும்விட மிகுதியான நிலத்தைத் தம்வசம் வைத்திருந்தார். மாவட்டத்தின் தலைமை அதிகாரி, நிலம் வாங்குபவர், நிலவுரிமைக்கு வாதிடுபவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருந்தது அவர்மீது குறைகூற இடமளித்தது. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது விலையா, விலையின் பெயரா என்று நாம் இன்று கேட்கலாம். விலையே தராமல் எடுத்துக்கொள்ள அதிகாரம் இருந்த காலத்தில் விலை தர வேண்டும் என்று கூறியவர் அவர் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் கொள்வதே வரலாற்றறிவு.

ஆளுநர் லஷிங்டன் காலத்தில் உதகை, படைவீரர் உடல்நலம் பேணும் இடமாக வளர்ந்தது. நிர்வாகமும் படையதிகாரியிடம் சென்றது. 1830-இல் நீலமலையின் பெரும்பகுதி கோவையிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தாம் தோற்றுவித்த ஊர் தம் கையை விட்டு நீங்குவதைச் சல்லிவன் கண்டார். 1843-இல் அது மீண்டும் கோவையோடு இணைந்தது. 1868-இல் தனி நிர்வாகம் பெற்றது.

கோவையை விட்டு நீங்கி இங்கிலாந்து சென்ற சல்லிவன், சில ஆண்டுகளில் திரும்பிவந்து சென்னை வருவாய் வாரியத்தின் உயர்பொறுப்பில் அமர்ந்தார். இந்நாட்டு ஆட்சியில் இந்நாட்டவர்க்கு உயர்பதவிகள் தரப்படுதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். இந்தியாவின் செல்வம் ஆங்கில நாட்டுக்கு வடிந்து செல்லும்படி ஆட்சி அமைந்திருக்கிறது என்பதை வெளிப்படையாகவே கண்டித்தார். இக்கருத்தைத் தாதாபாய் நௌரோஜி விரித்துரைப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, வரி வாங்கிய கையையுடைய ஒருவர் கூறியது நோக்கத்தக்கது. ஓய்வுபெற்ற பின்னும், கம்பெனி சுதேச அரசர்களோடு செய்த உடன்படிக்கைகளை மீறுவது அறமன்று என்று 1853-இல் நூல் எழுதினார்.

இழப்பு

1820-இல் சல்லிவன் ஹென்றியெட்டா செசிலியா என்னும் மங்கையை மணந்தார். நீலமலையில் வாழவந்த முதல் ஐரோப்பியப் பெண் அவரே என்பர். கல் வீட்டின் வரலாற்றை எழுதுவோர் கலெக்டரையே எழுதுகின்றனர். உறவும் தோழியரும் இல்லாத மலையில், வழிகூட இல்லாத காலத்தில், ஒரு பெண் இல்லறம் நடத்திய வரலாற்றை எவரும் எழுதவில்லை. தோட்டத்தின் முதற்பூக்களைப் பார்த்திருந்த கண்கள் அவருடையவை.

1838-ஆம் ஆண்டு அக்குடும்பத்தைக் குலைத்தது. இளம்பருவத்து மகள் ஹேரியட்டும் அவளுடைய தாயும் அவ்வாண்டில் அடுத்தடுத்து மறைந்தனர். இருவரும் உதகை புனித ஸ்தேவான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். 1829-இல் கால்கோளிடப்பட்ட அவ்வாலயத்தின் உத்தரங்கள், சீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்கள். வீழ்ந்த ஓர் அரசின் மரத்தடியில் வென்றவர் வீட்டுப் பெண்கள் துயில்கின்றனர். உடல்நலம் தரும் மலை என்று உலகுக்கு உணர்த்தியவரின் இல்லத்தார்க்கு அம்மலை உயிர்காக்கும் மலையாகவில்லை.

என் மாணவியருடன் ஒருமுறை அக்கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். பூங்காவில் ஓயாது பேசிக்கொண்டிருந்த பெண்கள் அங்கே குரல் தாழ்த்தினர். அம்மா, அவர் ஏன் இவர்களை இங்கேயே விட்டுவிட்டுப் போனார் என்று ஒருத்தி கேட்டாள். இறந்தவரைப் புதைத்த இடத்திலிருந்து எடுத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று விடை சொன்னேன். விடை சரிதான்; ஆனால் அது அவள் கேட்ட கேள்விக்கு விடை அன்று. குறிஞ்சிக்குப் புணர்தலும் பாலைக்குப் பிரிதலும் உரிப்பொருள் என்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். குறிஞ்சி நிலத்திலேயே பாலை நிகழ்ந்த இடத்தில் அன்று நாங்கள் நின்றிருந்தோம்.

சல்லிவன் 1841-இல் பணியிலிருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். 1855-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் காலமானார். ஸ்லவ் நகரை அடுத்த அப்டன் புனித லாரன்ஸ் ஆலய வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நெடுநாள் மறந்துகிடந்த அக்கல்லறையை அண்மைக் காலத்தில் நீலகிரியின் வரலாற்று ஆர்வலர்கள் தேடிக் கண்டறிந்தனர். மனைவியும் மகளும் உதகையில். அவர் ஆயிரக்கணக்கான மைல் தொலைவில். அவர் வாழ்வு இரு மண்ணிலும் பிரிந்து கிடக்கிறது.

நிறைவாக

கல் வீடு இன்றும் நிற்கிறது. அதனைச் சுற்றிச் சென்னை அரசின் கோடைக்காலத் தலைமைச் செயலகம் எழுந்தது. 1955 முதல் அவ்விடத்தில் அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது. ஒரு கலெக்டரின் வீடு, தோடர், படகர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கும் கல்லூரியாய் மாறியதைக் காட்டிலும் ஒரு வீட்டுக்கு நற்பேறு வேறில்லை. உதகையின் இருநூறாம் ஆண்டையொட்டி 2022-இல் தமிழக அரசு சல்லிவனுக்கு அங்கே சிலை நிறுவியது.

அவரை வணங்கவும் வேண்டா, இகழவும் வேண்டா. ஒரு நிலத்தை நேசிப்பவன் அதனைத் தன் தாய்நாட்டின் சாயலாக மாற்றிவிடக் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அதிகாரத்திற்குள் இருந்துகொண்டே அதிகாரத்தைக் கேள்வி கேட்க இயலும் என்பதற்கும் அதுவே சான்று.

தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியில் ஒரு தோடர் மந்து இருக்கிறது. பூங்காவுக்கு வருவோருள் அதுவரை ஏறிச்செல்வோர் சிலரே. எழுத்தில்லாத தோடர்மொழியில் எருமைக்கும் மலைக்கும் ஓடைக்கும் பாடல்கள் உண்டு. மொழியறிஞர் எமனோ அவற்றுள் பலவற்றைத் தொகுத்து 1971-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். சல்லிவனின் வீட்டைப் பற்றி நாம் பக்கம் பக்கமாய் எழுதுகிறோம். அந்நிலத்தை விற்றவர்களின் பாடல்களை நம் வட்டத்தில் எத்தனை பேர் அறிவோம்? அடுத்த பத்தாண்டுக்குள் அப்பாடல்களைத் தோடர் வாயிலாகவே கேட்டு, அவர்கள் துணையோடு தமிழில் தரும் பணியை நம் கவிஞர்கள் மேற்கொள்வார்களாயின், இன்று நான் எழுதிய இவ்வாழ்க்கை வரலாறு அன்றுதான் நிறைவெய்தும்.